திறக்காத கட்டுகள்

சலவைக்கூடத்தில் எனக்கு வக்கீல் என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிடுவேன். பிழைக்கத் தெரியாத வாய் என்பார் என் வீட்டுக்காரர்.

அன்று காலை சூப்பர்வைசர் என் ஓரகத்தியின் மேசை முன் வந்து நின்று, திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவேண்டாம் என்றார். ஒரே வாரத்தில் அவள் மடித்த கட்டுகளில் பதினோரு தலையணை உறைகள் கறையோடு இருந்தனவாம். வேறு யாருடையதிலும் ஒன்றுகூட இல்லையாம். அவள் கையிலிருந்த உறையை மடித்து முடித்தாள். கொழுந்தன் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். அவர்கள் வயிறு நிறைவது இவள் கையால்தான்.

எங்கள் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் அவ்வளவாக ஒட்டாது. பருப்பில் கல் கடிபடும்போதெல்லாம் அவள் சமையலைத் திட்டியிருக்கிறேன். அதற்காக, ஒருவர் பிசகாகப் பேசும்போது என்னால் சும்மா நிற்க முடியுமா?

"இவ கட்டுல எத்தனை பிரிச்சுப் பாத்தீங்க சார்?"

அத்தனையையும் என்றார்.

"எங்களோடது?"

அவர் காதைச் சொறிந்தார். விடுதியிலிருந்து வந்த முதல் புகாரோடு, கட்டில் செருகியிருந்த அவள் எண் போட்ட சீட்டும் வந்ததாம். அன்றிலிருந்து அவளுடையதை மட்டும் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"தேடுற இடத்துலதான சார் கெடைக்கும். எல்லார்துலயும் மூணு மூணு கட்டு பிரிங்க."

பிரித்தார். அவளுடையதில் இரண்டு கறை. ஓரத்து மேசைக்காரியிடம் நான்கு. என்னுடையதில் ஒன்பது.

கூடமே சிரித்தது. நான் விடவில்லை. யாரோ சீட்டை மாற்றியிருக்கலாம் என்றேன். என் பக்கத்து விளக்கு மங்கல் என்றேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, முந்தாநாள்தான் பொத்தான் தைத்தேன் என்றேன். இதையெல்லாம் வேறொருத்தி சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஓரகத்தி என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "ஊசியில நூல் நான்தான் கோத்துக் குடுத்தேன்க்கா."

எனக்குப் பருப்பு ஞாபகம் வந்தது. சமைப்பது அவள்தான். கல் பொறுக்குவது நான்.

அப்படியானால் போகவேண்டியது நீங்கள்தான் என்று சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.

"மடிக்கறதுல அக்கா கைக்கு இங்க ஆள் இல்ல சார்," என்றாள் அவள். "நான் கறை பாத்துத் தள்ளுறேன். அக்கா மடிக்கட்டும்."

சீட்டில் யார் எண்ணைப் போடுவது என்று கேட்டார்.

"ரெண்டு பேர்தும் போடுங்க. தப்பு வந்தா ரெண்டு பேரும் போறோம்."

ஒரு வாரம் பார்க்கிறேன் என்று முனகிக்கொண்டே போனார். மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். அவள் உறையை விரித்துப் பார்த்துத் தள்ள, நான் மடித்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது, என் கண் சங்கதி எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். மழைக்கு முன்பிருந்தே என்றாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா வாதாடி ஜெயிச்சிருப்பீங்கக்கா."

அதில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. வழியில் சாக்கடை மூடி ஒன்று பெயர்ந்து கிடந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்து ஒதுக்கினாள். எத்தனை நாள் இப்படிப் பிடித்திருக்கிறாளோ. ஒட்டிக்கொண்டு நடக்கிறாளே என்று கையை உதறியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் பருப்புத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். வெங்காயத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கண் எரியுமேக்கா," என்றாள்.

எரியட்டும் என்றேன். அதற்காவது உதவட்டும்.