குருவிமலை கடல் பார்த்த நாள்

போன பங்குனியில் குருவிமலை கடல் பார்க்கக் கிளம்பியது. எல்லா மலைக்கும் ஆயுளில் ஒருமுறை அந்த ஆசை வரும். எங்கள் மலைக்கு இப்போதுதான் வந்தது. அது நகர நகர இருக்குமிடத்தைக் குறித்துக்கொள்ள நில அளவையரான நான் கூடப் போனேன். மினிபஸ் டிரைவர் வேலம்மாள் வண்டியை முன்னால் விட்டு வழிகாட்டினாள். நான் பின் சீட்டில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். மலை வழியில் உட்காரக் கூடாது. உட்கார்ந்துவிட்டால் லட்சம் வருடத்துக்கு எழுந்திருக்காது.

விடியற்காலையில் புறப்பட்டோம். நெற்பயிர் மிதிபடாமல் மலை வரப்பிலேயே நடந்து வந்தது. ரயில்வே கேட்டில் ஒழுங்காக நின்றது. ரயிலில் போனவர்கள் கையாட்டினார்கள்; மலைமேலிருந்த மயில்கள் அகவின.

உப்பளம் தாண்டும்போது நடை தளர்ந்தது. கல்குவாரிக்காக வெட்டிய பள்ளம் அதன் இடுப்பில் இருக்கிறது. அந்தப் பக்கம் நொண்டியது. மெல்ல முழங்கால் மடங்குவதைப் பார்த்து, "வேலம்மா, உட்காரப் போகுது!" என்று கத்தினேன்.

அவள் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினாள்.

"அண்ணாச்சி, உக்காந்திராதீங்க! ஒரு வாசம் வருதா பாருங்க."

"என்ன வாசம்?" என்றது மலை.

"கடல் வாசம்."

மலை மூச்சை இழுத்தது. அதன்மேலிருந்த மரங்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. பிறகு எழுந்து ஓட ஆரம்பித்தது. குரங்குகள் கிளைகளை இறுகப் பிடித்துக்கொண்டன. மினிபஸ்ஸால் ஈடுகொடுக்க முடியவில்லை. வேலம்மாள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலை கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. ஓர் அலை வந்து தொட்டுவிட்டுத் திரும்பியது.

"மறுபடி வருமா?" என்று கேட்டது மலை.

"வந்துக்கிட்டேதான் இருக்கும்" என்றேன்.

"யாரும் கூப்பிடாமலா?"

"யாரும் கூப்பிடாமத்தான்."

பல வருடங்களாக வற்றிக் கிடந்த மலையின் சுனைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. அந்தத் தண்ணீர் எங்கள் தலையில் கொட்டியது. வேலம்மாள் சிரித்தாள். நான் அளவைச் சங்கிலியையும் செருப்பையும் மணலில் வீசிவிட்டுக் கடலில் இறங்கிக் குதித்தேன்.

சாயங்காலம் ஆனது. எங்கள் ஊரில் சூரியன் தினமும் குருவிமலைக்குப் பின்னால்தான் மறையும். அன்று மேற்கே போய்ப் பார்த்தது. மலை இல்லை. சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பி, எங்கள் தலைக்கு மேலாக வந்து, கடலோரம் நின்ற மலைக்குப் பின்னால் கிழக்கே மறைந்தது.

வேலம்மாள் ஹெட்லைட்டைப் போட்டாள்.