புளியம்பழத்தின் முன் ஒலித்த நாகசுரம்

சிறுபோக அறுவடை முடிந்து, வைக்கோற்போர்கள் முற்றந்தோறும் உயர்ந்து நிற்க, அக்கராயன் குளத்து நீர் கரையை விட்டு நெடுந்தொலைவு உள்வாங்கிச் சேற்றிலே கொக்குகளை மேயவிட்டிருக்க, மேற்கே பாலைமரக் காட்டின் தலைக்கு மேலே கதிரவன் சிவந்து சாய்கின்ற ஆவணித் திங்களின் மாலை ஐந்து மணியை, கந்தபுரத்து மக்கள் இரண்டு ஓசைகளால் அறிந்திருந்தார்கள். ஒன்று, கிழக்கே விட்டுவிட்டு முழங்கும் பீரங்கி. மற்றொன்று, முற்றங்களிலே தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தப்பட்ட மிதிவண்டிகளின் சில்லுகள் சுழலும் இரைச்சல். மின்கலம் ஒன்றுதானும் உள்ளே வரலாகாதென்று அரசு தடைவிதித்திருந்த நிலம் அது, அன்பரே! தொண்ணூற்றேழாம் ஆண்டில் அங்கே வானொலி கேட்க விழைந்த குடும்பம், தன் மிதிவண்டியைக் கவிழ்த்து, அதன் விளக்குக்கு ஒளிதரும் மின்னாக்கியிலிருந்து இரு கம்பிகளை இழுத்துப் பெட்டியிலே பொருத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்ற ஒருவரை இருத்த வேண்டும். சுற்றுகின்ற கை நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

அந்தக் கைகள் நாள்தோறும் ஒரு மணி நேரம் சுழன்றது பத்மாசனிக்காகத்தான். குடாநாட்டில் முப்பது ஆண்டு இசை பயிற்றி, இரண்டாண்டுகளுக்கு முன் ஊரோடு ஊராய் இடம்பெயர்ந்து, ஒரு தம்புராவையும் நான்கு சேலைகளையும் தவிர வேறொன்றுமின்றி வன்னிக்கு வந்தவள் அவள். பழைய நெற்களஞ்சியம் ஒன்றின் மூலையறையிலே, சுவரெங்கும் சாக்குத் தைத்து மூடி, மண்ணெண்ணெயைக் குடித்து இருமுகின்ற பொறியொன்றின் துணையோடு, ஐந்தாறு ஊர்களுக்கு மட்டும் எட்டும்படி நடந்த இசை வானொலிக்கு அவளே பொறுப்பாளர். திரைப்பாட்டு இல்லை, அரட்டை இல்லை, விளம்பரம் இல்லை. பண்ணும் பாட்டும் தவிர வேறெதுவும் அந்த ஒலிவாங்கியைத் தீண்டக்கூடாதென்பது அவள் வகுத்த கட்டளை. குண்டு விழுந்த நாளிலும் அதை அவள் தளர்த்தியதில்லை.

அக்கட்டளையை உடைக்க வந்தது பசி. பள்ளிக்கூட வளவிலே கூடாரமிட்டிருந்த ஏதிலியர் குடும்பங்களுக்கு வரவேண்டிய உணவு வண்டிகள் வவுனியாப் பாதையிலே மறிக்கப்பட்டுக் கிழமைகள் பல கழிந்திருந்தன. அறுபது பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளைக் கஞ்சி. அதைக் காய்ச்சி ஊற்றியவள், முன்னொரு கலவரத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு வந்து வன்னி மண்ணிலே கூலிவேலை செய்து பிழைத்த பேச்சியம்மா. பத்மாசனி மூன்று கிழமையாகப் பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியின் முன் நிமிர்ந்து நின்று, அறுவடை கண்ட உழவர்களே நெல் தாருங்கள் என்று செம்மையான மொழியிலே வேண்டினாள். வந்து சேர்ந்தது, அரை மூட்டைக்கும் எட்டாத பதினொரு கொத்து. அறைகள் நிறைய நெல் இருந்த ஊர்களிலிருந்து பதினொரே கொத்து! எழுதுகின்ற எனக்கே கை கொதிக்கிறது என்றால், அவள் நெஞ்சு எப்படி எரிந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

வானொலியைத் தம் கைப்பணத்தை முதலாக்கித் தொடங்கி, அறிவிப்பாளராகவும் குரல் கொடுத்தவர் தவராசா. நல்ல மனிதர்தாம்; ஆனால் வாயை மூடியிருக்கத் தெரியாதவர். அவர்தாம் அந்தக் கூத்தைக் கண்டுபிடித்தார். நாகசுரம் ஊதுபவரின் முன்னே யாரேனும் புளியம்பழம் தின்றால், பார்க்கின்ற அவருக்கு வாயூறி, ஊதுவாயாகிய சீவாளி நனைந்து இசை குழறும் என்பது திருவிழாக்களில் குறும்பர்கள் கையாளும் பழைய விளையாட்டு. வெள்ளிக்கிழமை மாலை, வானொலியில் நாகசுரம் வாசிக்கும் முதியவர் சின்னராசா ஊத, அவர் முன்னே பிள்ளைகள் புளி தின்பார்கள். எத்தனை மணித்துளி அவர் தாங்குகிறாரோ அத்தனை கொத்து நெல்லை ஒவ்வொரு வீடும் தரவேண்டும் என்று தவராசா திட்டமிட்டார். புளியைத் தின்பதற்குக் கூடாரத்துப் பிள்ளைகளையே கூட்டி வந்தால் கேட்பவர் மனம் இளகும் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார்.

கேட்ட பத்மாசனி சீறினாள். தேருக்கு முன்னே நடக்கின்ற இசையைத் தெருக்கூத்தாக்குவதா என்று கேட்டாள். பாட்டுக்காக ஒரு பிடி நெல் தராதவன், பாட்டைப் பழித்தால் மூட்டையோடு வருவான் என்றால், அவன் நெல் எவனுக்கு வேண்டும் என்று கேட்டாள். களஞ்சியத்துக் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தோடும் அளவுக்கு அவள் குரல் உயர்ந்தது. தவராசா மீசையைத் தடவிக்கொண்டிருக்க, வாயிலிலே வெறும் பானையோடு நின்ற பேச்சியம்மாதான் பேசினாள்.

"டீச்சரம்மா, நாளைக்குப் பானையில போட ரெண்டு சுண்டு அரிசிதாங்க இருக்கு. நீங்க சண்டை போட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க, நான் அப்புறமா வர்றேன்."

பத்மாசனியின் சினம் அடங்கவில்லை. சின்னராசாவாவது மறுப்பார் என்று அவர் பக்கம் திரும்பினாள். வற்றாப்பளை அம்மன் பொங்கலிலே இருபதாண்டு ஊதிய அம்முதியவர், சீவாளியைத் துடைத்தபடியே சொன்னார்.

"என்ர வாத்தியம் ரீச்சர். அதின்ர மானத்தை நான் யோசிச்சுப் பாத்திட்டன். பிள்ளையளுக்காக ஒருக்கா வாயூறினால் அது குறைஞ்சு போகாது. நான் ஊதுறன்."

வெள்ளிக்கிழமையும் வந்தது. முன்னொருபோதும் இல்லாதவாறு முற்றங்கள் தோறும் மிதிவண்டிகள் கவிழ்ந்தன. ஒரு வீட்டுச் சில்லைச் சுற்றிப் பத்து வீட்டார் அமர்ந்தனர். சாக்குச் சுவரறையிலே பாயொன்றில் நான்கு பிள்ளைகள். அவர்கள் நடுவே ஒரு தட்டு நிறையப் புளியம்பழம். சின்னராசா கலியாணி இராகத்தை எடுத்தார். அரையிருட்டான அந்த அறை, விளக்கேற்றிய கோயில் முன்றிலைப் போல் விரிந்தது. மூலையிலே கைகட்டி நின்ற பத்மாசனிக்கு, இத்தகைய வாசிப்பு இத்தகைய கூத்துக்குப் பலியாவதை எண்ண எண்ணப் பொறுக்கவில்லை. தவராசாவோ ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு, இதோ பழத்தை எடுக்கிறார்கள், இதோ வாயில் போடுகிறார்கள் என்று குதூகலித்துக்கொண்டிருந்தார்.

அவர் எண்ணியதெல்லாம், பிள்ளைகள் கண்ணைச் சுருக்கி, நாக்கைச் சப்புக்கொட்டி, முகத்தைக் கோணலாக்குவார்கள் என்பதே. பிள்ளைகள் அப்படி ஒன்றுமே செய்யவில்லை. சோறு தின்பது போலத் தின்றார்கள். நாரை உறிஞ்சினார்கள், ஓட்டை வழித்தார்கள், ஒருவரையொருவர் பாராது, தலை நிமிராது, தட்டு வெறுமையாகும்வரை கை எடுக்காது தின்றார்கள். முந்தின இரவு உண்ட கஞ்சிக்குப் பின் அவர்கள் வயிற்றில் விழுந்த முதற்பொருள் அது என்பதை அந்த அறையில் எவரும் கேட்டறிந்திருக்கவில்லை. புளியம்பழத்தைப் பசித்த வயிற்றுக்கு நீட்டிவிட்டு நகையாட்டுக் காட்டு என்று காத்திருந்தார்கள், பாருங்கள்! நான்காம் மணித்துளியிலே, எல்லாருக்கும் சிறியவளான ஆறு வயதுப் பெண்ணொருத்தி, பக்கத்திலிருந்தவன் துப்பிய கொட்டையைப் பாயிலிருந்து எடுத்து, தன் சட்டையிலே துடைத்து, வாயிலிட்டுக் கொண்டாள்.

நாகசுரம் அறுந்தது.

தவராசா அதைக் கண்டாரில்லை. அவர் கண் சின்னராசாவின் மீதே இருந்தது. "விழுந்திட்டார்! எங்கட வித்துவான் புளியிட்டைத் தோத்திட்டார்!" என்று கூவினார். அடுத்த நொடியிலே ஒலிவாங்கி அவர் கையில் இல்லை. பறித்தவள் பத்மாசனி. இருபது மாதம் அவ்வொலிவாங்கியின் முன்னே செம்மொழி தவிர வேறொன்றும் பேசாதவள், வீட்டு மொழியிலே வெடித்தாள்.

"சிரிக்காதேங்கோ. அவர் தோக்கேல்லை. ஒரு பிள்ளை துப்பின கொட்டையை மற்றப் பிள்ளை எடுத்துத் தின்னுது. அதைக் கண்டிட்டுத்தான் அவரால ஊத ஏலாமல் போச்சு. மூண்டு கிழமையா மரியாதையாக் கேட்டனான். உங்கட அறையளில நெல்லுக் கிடக்குது. உங்களுக்கு வெக்கமில்லையோ?"

சொல்லி முடித்து ஒலிவாங்கியை மேசையிலே வைத்தாள். சின்னராசா அச்சிறுமியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாட் காலை வண்டிகள் வந்தன. மிதிவண்டிகளின் பின்னே மூட்டைகள், தலைச்சுமைகள், ஓர் உழவுப்பொறியின் பெட்டி நிறைய நெல். நான்கு கொத்துக்குக் கடமைப்பட்டவர்கள் மூட்டையாய்க் கொண்டுவந்து கொட்டினார்கள். களஞ்சியத்து வாயிலில் நின்ற பத்மாசனிக்கு, இரண்டாண்டுகளில் முதன்முறையாக உள்ளம் நிமிர்ந்தது. உறைக்கும்படி சொன்னோம், உறைத்துவிட்டது என்று நினைத்தாள். அப்போதுதான் குளத்தடி உழவர் சிவராசா மூட்டையை இறக்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்ல பகிடி ரீச்சர். வித்துவான் விழுந்தவுடனை மனிசி சிரிச்ச சிரிப்பில சைக்கிளைச் சுத்துறதை விட்டிட்டா. றேடியோ நிண்டு போச்சு. பேந்து என்ன நடந்தது?"

அடுத்தவரைக் கேட்டாள். அவர் வீட்டிலும் கை நின்றுவிட்டதாம். அதற்கடுத்தவர் வீட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அமளியில் மிதிவண்டியே சரிந்துவிட்டதாம். வந்தவர் எல்லாரையும் கேட்டாள். அவள் சொன்னதைக் கேட்டவர் ஒருவருமிலர். சில்லுகள் நின்ற பின்னே அவள் வெறும் காற்றோடு சினந்திருக்கிறாள். அந்த நெல்லில் ஒரு மணிதானும் வெட்கத்தால் வந்ததன்று. அத்தனையும் சிரிப்பால் வந்தது. அவளுக்கு அந்த மூட்டையை எடுத்து அவர்கள் முகத்திலே எறிய வேண்டும் போலிருந்தது. இப்போதாவது சொல்லிவிடுவதென்று சிவராசாவின் பக்கம் திரும்பி வாய் திறந்தாள். நெல்லைக் கடகத்திலே அள்ளிக்கொண்டிருந்த சின்னராசா தலையசைத்துத் தடுத்தார்.

"விடுங்கோ ரீச்சர். நான் தோத்ததாகவே இருக்கட்டும். நெல்லு வந்திட்டுது."

பேச்சியம்மா அதற்குள் உலை வைத்திருந்தாள்.

மாலையில் தவராசா தயங்கித் தயங்கி வந்தார். தம் பிழையை உணர்ந்திருந்தார், முகம் வாடியிருந்தது. அடுத்த வெள்ளி பழையபடி பண்ணும் பாட்டுமே போதும், இனி இந்த விளையாட்டு வேண்டாம் என்றார். பத்மாசனி அதை ஏற்கவில்லை. அந்த நெல் எத்தனை நாளைக்கு வரும் என்று அவள் பேச்சியம்மாவிடம் கேட்டறிந்திருந்தாள்; நெடுநாள் தாங்காது. பாதை இன்னும் திறக்கவில்லை.

"செய்யுங்கோ, தவராசா அண்ணை. ஆனால் பிள்ளையள் முதல் வயிறு நிறையக் கஞ்சி குடிக்கட்டும். அவையள் பாத்துக்கொண்டிருக்கட்டும். புளியை நீங்களும் நானும் தின்னுவம்."

அவ்வாறே நடந்தது. அடுத்த வெள்ளியன்று, மூன்று தலைமுறை மாணவியரைக் குரல் கெடுமென்று புளி தொடவிடாது காத்த பத்மாசனி, பாயிலே அமர்ந்து, சின்னராசாவின் நாகசுரத்துக்கு முன்னே, பழம் பழமாய் உடைத்துத் தின்றாள். சுவரோரம் அமர்ந்திருந்த பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் பத்து மணித்துளி கடந்தும் தாங்கினார்; கலியாணி ஒரு துளியும் குழறவில்லை. ஆறு வயதுப் பெண் தட்டின் பக்கம் திரும்பியும் பாராது, சிரித்துச் சிரித்துத் தோழியின் மடியிலே விழுந்தாள். அப்போது பத்மாசனியின் கண்கள் நிறைந்து வழிந்தன.

"ரீச்சருக்குப் புளிப்பிலை கண்ணால தண்ணி ஓடுது!" என்றார் தவராசா.

ஐந்தாறு ஊர்களும் சிரித்தன. அந்தச் சிரிப்பிலே முற்றந்தோறும் சில்லுகள் நின்றன. கல்விமான்களே, செவ்விசை சிரிப்புக்கு இறங்கலாமோ என்று நீங்கள் வழக்காடலாம். அவள் அவ்வழக்கை முடித்துக்கொள்ளவில்லை, சினத்தையும் விட்டாளில்லை. சாகும்வரை அந்த ஊர்களை அவள் மன்னிக்கவுமில்லை. ஆயினும் ஒலிவாங்கி கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்க, அன்று அவள் அதை எடுக்காமல், தட்டில் எஞ்சியிருந்த அடுத்த பழத்தை எடுத்து உடைத்தாள்.