மாப்பிள்ளை முறுக்கு

மைத்துனன் ஒர்க்‌ஷாப் திறந்தபோது அதற்கு 'வாகன அறுவை சிகிச்சை மையம்' என்று பெயர் வைத்தான். உள்ளே ஒரு ஜாக்கியும் இரண்டு டப்பா கிரீஸும் இருந்தன. திறப்பு விழாவுக்கு நாற்காலிகள் அக்காள் கணவருடையவை. வீட்டு மாப்பிள்ளையான அவருக்கு நாற்காலி வாடகைத் தொழில். வந்தவர்களை வரவேற்ற குழப்பத்தில் முதல் வரிசையில் டயர் வியாபாரி உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு இரண்டாம் வரிசை. அதுவும் சொந்த நாற்காலியில். டயர் வியாபாரி எழுந்து, வாழ்க்கை ஒரு சக்கரம் என்று முக்கால் மணி நேரம் உருட்டினார். அத்தனை நேரமும் மாப்பிள்ளை அவருடைய பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து அவருக்கு மைத்துனன் 'மச்சான்' இல்லை, 'அந்த மெக்கானிக்கு'. மாமனார் வழியில் வந்த பழைய பிக்கப் வண்டியையும் அந்த வாசலில் நிறுத்துவதில்லை. சக்கரம் கழற்றுவதும் மாட்டுவதும் சொந்தக் கைவேலைதான். நட்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டுமென்று மரையில் தாராளமாக எண்ணெய் விடுவார். ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று, இரண்டு குதி குதிப்பார். "எமனே வந்தாலும் கழட்ட முடியாது" என்று வேட்டியை உதறிக்கொண்டு இறங்குவார். எமனுக்குக் கழற்றும் வேலையே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் மரையாணிகளான ஐந்து ஸ்டட்டுகளில் ஒன்று ஒடிந்தது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்றார். அடுத்த மாதம் இன்னொன்று. இந்தக் காலத்து இரும்பே சரியில்லை என்றார். இந்த ஸ்டட்டுகள் அந்தக் காலத்தவை என்பதை மனைவி நினைவூட்டியபோது அவருக்குத் திடீரென்று ஒரு போன் வந்தது.

மிச்சம் மூன்றோடு ஒரு கல்யாண மண்டபத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். மேட்டுச் சாலை முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில் பின்னாலிருந்து 'கடக் கடக்' என்றது.

"வண்டிய நிறுத்துங்க."

நாற்காலிதான் ஆடுகிறது என்றார் அவர்.

"இருவது வருஷமா அடுக்குறேன். நாற்காலி சத்தம் எனக்குத் தெரியாதா? நிறுத்துங்க, இல்லன்னா குதிச்சிடுவேன்."

குதிக்கிற ஆள்தான். நிறுத்தினார். இறங்கிப் பின்சக்கரத்தைப் பார்த்தார். மூன்றாவதும் ஒடிந்து நட்டோடு எங்கேயோ விழுந்திருந்தது. மிச்சமிருந்த இரண்டில் ஒன்றின் நட்டு விரலால் திருகினாலே சுற்றியது. முன்னால் இறக்கம் நெடுகப் போய்க் கீழே பள்ளத்தாக்கில் வளைந்தது. மனைவி இருந்த பக்கத்துச் சக்கரம்தான் அது. அவர் மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

யாரைக் கூப்பிடுவது என்று அவர் யோசிப்பதற்குள் மனைவி தம்பிக்குப் போன் போட்டு முடித்திருந்தாள்.

அறுவை சிகிச்சை நிபுணர் புது ஸ்டட்டுகளோடு பைக்கில் பறந்து வந்தார். ஜாக்கியை மட்டும் மறந்துவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளை தன் ஜாக்கியை எடுத்துக் கொடுத்தார். வேறொரு நாளாக இருந்தால் அந்த மறதியை வைத்து மைத்துனனை ஒரு வருடம் ஓட்டியிருப்பார்.

மைத்துனன் சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றி, ஒடிந்த துண்டுகளைத் தட்டி எடுத்தான். ஒடியாமல் மிச்சமிருந்தவற்றில் ஒன்றைப் புது ஸ்டட்டோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினான். பழையது கொஞ்சம் நீண்டிருந்தது. நடுவில் இடுப்பு மாதிரி மெலிந்திருந்தது.

"மாமா, இறுக்கும்போது ஸ்டட் லேசா நீளும். திரும்பச் சுருங்கப் பாக்கும். அந்த இழுப்புதான் வீலைப் பிடிச்சு வச்சிருக்கு. எண்ணெயும் விட்டு, பைப்பும் போட்டு, மேல ஏறிக் குதிச்சா நீண்டது நீண்டதுதான். அதுக்கப்புறம் பிடிப்பே இருக்காது. வீல் ஆடும், ஒண்ணு ஒடியும், அதோட பாரம் மத்தது தலையில விழும்."

அப்படியென்றால் தளர்வாக விடுவதா என்று அவர் கேட்டார். வழக்கமான குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"தளர்ந்தாலும் ஆடி ஆடி ஒடியும். வேணுங்கிற முறுக்கு இருந்தாப் போதும்."

"இவருக்கு அது கல்யாணத்தன்னிக்கே கூடுதல்" என்றாள் மனைவி.

மைத்துனன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வண்டியிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கிச் சாலையோரம் போட்டான். "உக்காருங்க மாமா. இன்னிக்கு முதல் வரிசைதான்."

அவர் நாற்காலியைப் பார்த்தார். கீழே தெரிந்த வளைவைப் பார்த்தார். நாற்காலியைத் துண்டால் துடைத்து, மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "உன் காது நல்லா இருக்கணும்" என்றார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு மண்ணில் மண்டியிட்டார். மைத்துனன், முறுக்கை அளந்து சொல்லும் தன் டார்க் ரெஞ்சை அவரிடமே கொடுத்தான். ஒவ்வொரு நட்டிலும் 'க்ளிக்' என்றதும் நிறுத்த வேண்டும். கடைசி நட்டில் 'க்ளிக்' கேட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லிக் கை பரபரத்தது. நாற்காலியிலிருந்து "போதும்" என்று குரல் வந்தது. கையை எடுத்துவிட்டார்.

புது ஸ்டட் கொஞ்ச தூரம் ஓடிப் பழகியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும், நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுவர முடியுமா என்று மைத்துனன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"காலையிலேயே வர்றேன், மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நாற்காலி ஏதாவது எடுத்துட்டு வரணுமா?"