காளியம்மன் கோயில் பிளேடு

தாண்டவராயன் சாரோடு ஒரே ஜீப்பில் போவதைவிட மலையை நடந்தே ஏறிவிடலாம் போலிருந்தது. அமிர்தியிலிருந்து புறப்பட்டதும் ஆரம்பித்தவர், ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"கழுகுதான்யா வடிவேலு. கழுகு என்ஜினுக்குள்ள பூந்திருக்கு. நீதான் ஊரைக் கூட்டுற."

"கழுகு பூந்திருந்தா ஒரு இறகாவது கெடச்சிருக்கும் சார்."

"எரிஞ்சிருக்கும்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். எங்கள் தொழிற்சாலையில் என்ஜின் பிரிவுக்கே அவர்தான் தலைவர். ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குக் கீழே இருந்த என்னைத் தொழிற்சாலைக்கு இழுத்து வந்தவரும் அவர்தான். அந்த நன்றிக்காக எவ்வளவோ பொறுத்துக்கொண்டேன். இந்தத் தடவை முடியவில்லை.

போன மாதம் எங்கள் புது ஜெட் என்ஜினோடு பறந்த சோதனை விமானம் ஜவ்வாது மலைக்கு மேலே வெடித்தது. விமானி பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். என்ஜின் துண்டு துண்டாகக் காட்டில் விழுந்தது. பொறுக்கியெடுத்துப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பிப் பார்த்ததில், டர்பைன் சக்கரத்தின் ஒரு பிளேடு மட்டும் இல்லை. விரல் நீள உலோக இலை அது. நெருப்புக்குள் நின்று சுற்றுவது அதன் வேலை. வரிசையில் ஒன்று முறிந்தால் போதும், மிச்சத்தையும் அடித்து நொறுக்கிவிடும். முதலில் முறிந்தது அந்தக் காணாமல் போன பிளேடுதான் என்பது என் கட்சி.

அதே சக்கரம் போட்ட இரண்டாவது விமானம் தயாராக நின்றது. மறுநாள் திங்கட்கிழமை காலை கண்ணாயிரம் அதை ஓட்டப் போகிறான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பையன். பயப்படவும் தெரியாது பாவிக்கு. "துண்டைக் காட்டு, நிறுத்துறேன். காட்டலைன்னா பறக்கும்" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சார் சொல்லிவிட்டார். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

சனிக்கிழமை அமிர்தி வனக்காவலர் கோபால் போன் செய்தார். மலைமேல் காளியம்மன் கோயிலில் அப்படி ஒரு பொருள் இருக்கிறதாம். என்னை மட்டும் அனுப்ப சாருக்கு மனசு வரவில்லை. தானும் வந்தார்.

கோயில் என்றால் ஒரு புளியமரமும் அதனடியில் கூரையும்தான். அம்மனுக்குப் பக்கத்தில், ஈர மண்ணில் ஊன்றி, சின்ன வேல் மாதிரி நின்றது எங்கள் பிளேடு. எடுக்கக் கையை நீட்டினேன். பூசாரி சடையன் குறுக்கே வந்தார்.

"செருப்ப கழட்டிட்டு, கை கால் கழுவிட்டு வாங்க. தொட்டுப் பாருங்க, வாணான்னு சொல்லல. ஆனா கோயில வுட்டு வெளிய போவக் கூடாது."

"அரசாங்கப் பொருளுய்யா அது" என்றார் சார்.

"அம்மனுக்கு வெச்சாச்சிங்க. எடுக்கணும்னா ஊர் கூடணும். நாட்டாரு செங்கம் சந்தைக்குப் போய்க்கிறாரு. நாளான்னிக்குத்தான் வருவாரு."

கோபால் என் காதருகில் வந்து, "பலவந்தம் பண்ணாதீங்க சார், ஒருத்தரும் நம்மள கீழ எறங்க வுட மாட்டாங்க" என்றார்.

கழுவிய கையோடு மண்ணிலிருந்து பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். சக்கரத்தில் சொருகும் அடிப்பகுதியில் பாதி முறிந்து போயிருந்தது. நான் நினைத்த அதே இடம். ஆனால் முறிந்த முகம் வெள்ளிக் கிண்ணம் போலப் பளபளத்தது. எப்படி முறிந்தது என்று சொல்லும் கோடுகள் எல்லாம் அந்த முகத்தில்தான் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

"இன்னா காரியம் பண்ணிக்கிறீங்க! யாரு இத தேய்ச்சது?" என்று கத்திவிட்டேன்.

ஒரு பெண் முன்னால் வந்தாள். சுந்தரம்மாள். அவளுடைய சாமைக் கொல்லையில்தான் அது விழுந்ததாம்.

"நான்தான் தேச்சேன். கரி புடிச்சி கெடந்திச்சி. அப்டியேவா அம்மனுக்கு வெப்பாங்க? புளியும் செங்கப்பொடியும் போட்டு வெள்ளிக்கு வெள்ளி தேய்க்கிறேன். வானத்துலருந்து வுழுந்தது ஒரு உசுர தொடல. அம்மன்தான தடுத்தா? அதுக்கு ஏன் இப்டி கத்துறீங்க?"

சார் சிரித்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

"அவ்வளவுதான், முடிஞ்சுது. வா, பொழுது இருக்கும்போதே எறங்கலாம்."

நான் நகரவில்லை. என் விரல்கள் பிசுபிசுத்தன.

"இன்னா எண்ண இது?"

"இலுப்ப எண்ணங்க. தெனம் வெளக்கு போடறப்ப அதுக்கும் தடவுவேன்" என்றாள் சுந்தரம்மாள்.

ஒரு மாதமாகத் தினம் எண்ணெய்! கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் எண்ணெய் அதற்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். மேலே துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தூவினால் கசிந்து காட்டிக் கொடுக்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் நாள் தவறாமல் செய்த சோதனை. சுண்ணாம்புப் பொடிக்கு இங்கே எங்கே போவது? சடையனிடம் திருநீறு கேட்டேன்.

சடையன் கொடுத்த பழைய வேட்டித் துணியால் பிளேடை அழுந்தத் துடைத்தேன். திருநீற்றை மெல்லிசாகத் தூவி வெயிலில் பிடித்தேன். அடிப்பகுதியில், முறியாமல் மிஞ்சியிருந்த பக்கத்து மூலையில், தலைமுடி கனத்தில் ஈரமாக ஒரு கோடு எழுந்தது.

"அம்மாடி, வேர்க்குது!" என்று சுந்தரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சார் குனிந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார்.

"எண்ணெய் வழிஞ்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"தொடைங்க சார். நல்லா தொடைங்க." மறுபடியும் திருநீற்றைத் தூவினேன். கோடு மறுபடியும் வந்தது, அதே மூலையில், அதே நீளத்தில். "எத்தினி வாட்டி தொடச்சாலும் வரும். இத கழுகா பண்ணிச்சி?"

இந்தத் தடவை அவர் துடைக்கவில்லை. அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எடையைக் குறைக்க அந்த மூலையின் வளைவைச் சிறிதாக்கியவர் அவர்தான். வளைவு சிறிதானால் சுமையெல்லாம் அந்த மூலையிலேயே குவிந்து விரிசல் விடும். ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் கைப்பட வரைந்த வரைபடம். அந்தப் பிளேடுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, தலைவர் நாற்காலியையும் கொடுத்தது.

பிளேடைச் சடையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். இறங்கும்போது சார் வாய் திறக்கவே இல்லை. காலையில் அந்தப் பேச்சைச் சகிக்க முடியாத எனக்கு இப்போது மௌனம் தாங்கவில்லை. பாதி மலையில் மெதுவாகக் கேட்டார்.

"நீ ஒருத்தன் மட்டும் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, இல்ல?"

கோபாலுக்கும் ஊராருக்கும் அது வெறும் எண்ணெய்க் கோடு. அது என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

"மாட்டாங்க சார்" என்றேன்.

அமிர்தி வன அலுவலகத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். சார் பெங்களூருக்கு, உடனே இணைப்பு கிடைக்கும் லைட்னிங் கால் போட்டார். நான் வாசற்படியிலேயே நின்றேன். அவர் வேறு மாதிரிப் பேசினால் போனைப் பிடுங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். பிடுங்கி என்ன ஆகப் போகிறது? என் பேச்சை யார் கேட்பார்கள்? மறுமுனையில் இருந்தவர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"துண்டு கெடச்சுதா சார்?"

"பார்த்தேன்."

"கையில இருக்கா?"

"இல்ல."

"அப்ப காலையில ஃப்ளைட் உண்டுன்னு சொல்லிடட்டுமா?"

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே நாளில் கிழவராகிவிட்டிருந்தார்.

"வேண்டாம். நிறுத்து."

"எந்த ஆதாரத்துல சார் நிறுத்துறது? மேலிடத்துல கேப்பாங்களே."

"டிராயிங் தப்பு. வரைஞ்சது நான், கையெழுத்து போட்டதும் நான். நானே சொல்றேன், வேற என்ன ஆதாரம் வேணும்? எழுதிக்கோ."

பிறகு வேறொரு குரல் வந்தது. கண்ணாயிரம் போன் பக்கத்திலேயே காத்திருந்திருக்கிறான்.

"சார், நான் எல்லாம் ரெடியா இருக்கேன் சார். எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"தெரியும்பா" என்றார் சார். குரல் உடைந்துவிட்டது. "வீட்டுக்குப் போ. நல்லாத் தூங்கு."