டிவியில் போடாத சாவு

துயரத்தை வென்ற உலகின் முதல் ஊராகக் கச்சிராயபாளையம் மனித குல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட்டுவிட்டது. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பேனர் அப்படித்தான் சொன்னது. அதன் பின்பக்கம் ஒன்றுக்குப் போகிறவர்களுக்கு மறைப்பாக இருந்தது, பொன்னெழுத்து இரண்டு மழைக்கு வெளுத்துப் பல்லுப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. அந்த வருஷம் ஊரில் சாவே விழவில்லை என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வதுண்டு. அது சரியில்லை. சாவு வழக்கம்போல் விழுந்தது. செத்தவர்கள் போகவில்லை, அவ்வளவுதான். அவரவர் வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள்.

காரணம் பூமாலையின் புருஷன் தமிழ்வேந்தன். ஊருக்குக் கேபிள் இழுத்தவர் அவர். ‘வேந்தன் விஷன்’ என்று சொந்தமாக ஒரு உள்ளூர் சேனலும் நடத்தினார். காலையில் பக்திப் பாட்டு, பகலில் பழைய படம், நடுநடுவே ஜவுளிக்கடை விளம்பரமும் மஞ்சள் நீராட்டு வாழ்த்தும், சாயங்காலம் ஏழு மணிக்கு மரண அறிவிப்பு. ஏதாவது கல்யாண போட்டோவிலிருந்து பக்கத்தில் நின்றவரின் தோளோடு சேர்த்து வெட்டியெடுத்த முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, தோற்றம், மறைவு, கீழே துயரத்தில் வாடும் குடும்பத்தார், பின்னால் ஷெனாய். ஊரே சோற்றைப் பிசைந்துகொண்டு அதைப் பார்க்கும். செத்தவரும் பார்ப்பார். எரித்துவிட்டு வந்த பிறகும் என்ன நடந்தது என்று விளங்காமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறவர், தன் முகத்துக்கு மாலை போட்டிருப்பதைக் கண்டதும் ‘ஓ, அப்படியா’ என்று எழுந்து, வாசலைத் தாண்டி, அணைக்கட்டு ரோட்டைப் பிடித்து, கல்வராயன் மலைப் பக்கமாக நடந்து போய்விடுவார். எப்போதும் நடந்துகொண்டிருந்த விஷயம் என்பதால் யாரும் இதைக் கவனித்ததில்லை.

அப்போதுதான் வெள்ளிமலையில் ஒரு விடுதியில் நடந்த நேர்மறை வாழ்வியல் முகாமுக்குத் தமிழ்வேந்தன் போய்வந்தார். நடத்தியவர் டாக்டர் சிவசங்கர். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது எதிர்மறை. மலைக் குளிரிலும் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: எதைப் பார்க்கிறாயோ அதுவாக ஆகிறாய், அழுகையைப் பார்க்கிற வீட்டில் அழுகை குடியேறும். அதில் பாதி உண்மை இருந்தது, வினையே அந்தப் பாதியில்தான். நாத்தனாருக்குப் பாலில் விஷம் வைக்கும் சீரியலை நிறுத்திய முதல் வாரத்தில் பூமாலைக்கே தலைவலி விட்டது. இரண்டாம் வாரத்தில் வீட்டுக்குள் ‘இல்லை’ என்ற சொல் தடை செய்யப்பட்டது. உப்பு தீர்ந்தால் ‘உப்பு வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். உப்பு வரும் வழியாகத் தெரியாததால் அவள் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிச் சமைத்தாள்.

வேந்தன் விஷன் ‘மகிழ் விஷன்’ ஆயிற்று. சீரியல் வரும் சேனல்களெல்லாம் லைனிலிருந்து போயின. படங்களில் வில்லன் வரும் இடங்களை வெட்டினார்கள். அடிக்க ஆளில்லாத கதாநாயகர்கள் பைக்கில் சும்மா சுற்றிவந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். செய்தியில் கோமுகி அணை தினமும் நிரம்பியது. கீழே கரும்பு காய்ந்தவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். ஏழு மணி மரண அறிவிப்பு எடுக்கப்பட்டு அந்த நேரத்தில் காமெடி போடப்பட்டது.

மார்கழிக் கடைசியில் பூமாலையின் அப்பா அய்யனார் செத்துப்போனார். பெண்டாட்டி போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகள் வீட்டோடு வந்து இருந்தவர். காலையில் டீத் தம்ளரை வாங்கக் கை நீட்டினார், கை அப்படியே நின்றது. தூக்கிப்போய் முறைப்படி எரித்தார்கள். அறிவிப்பு கிடையாது என்று மருமகன் முதலிலேயே சொல்லிவிட்டார். சொந்த வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று அதற்கு ஒரு பெருமை வேறு. சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்து ஈரத்துணியோடு வாசலில் வந்து நின்றபோது கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அய்யனார் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “எங்க போய்ட்டீங்க எல்லாரும்? கரண்டு வேற போய்ப் போய் வந்துச்சி” என்றார்.

பூமாலைக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது. டீ போட்டு வைத்தாள். அவர் குடிக்கவில்லை, ஆடை கட்டியது. மறுநாளும் போட்டாள்.

தையில் மேலத்தெரு தையல்காரி செந்தமிழ்ச்செல்வி செத்து, டிவி முன்னால் உட்கார்ந்தாள். மாசியில் மாட்டுத் தரகர் ஒருவர். பங்குனியில் வரிசையாக நான்கைந்து பேர். ஜவுளிக்கடை ஷேக் பரீத் மட்டும் ஒழுங்காகப் போனார், ஏனென்றால் பள்ளிவாசல் மைக்கில் மௌத் அறிவிப்பு சொல்லிவிட்டார்கள். மலைமேல் கேபிள் போகவில்லை; அங்கே செத்தவர்களும் வழக்கம்போல் போய்ச் சேர்ந்தார்கள். முச்சந்தியில் கண்ணீர் அஞ்சலி பேனர்கள் இருந்தது உண்மை. ஆனால் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு முச்சந்தி எப்படித் தெரியும்? சாயங்காலத்தில் தெருவில் நடந்தால், ஏழெட்டு வீடுகளிலிருந்து ஒரே நொடியில் ஒரே மாதிரி சிரிப்பு கிளம்பும், ஒரே நொடியில் நிற்கும். அது கொஞ்சம் ஈரமான சிரிப்பு. தெருநாய்கள் அந்த நேரத்தில் பால் சொசைட்டிப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டன. புதிதாய்ப் பால் கறக்க ஆரம்பித்த மாடுகள் கறவை மறந்தன. ஊர் இதற்கும் பழகிவிட்டது. விருந்தாளி வந்தால் செத்தவரைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வார்கள், அவரும் நகர்வார்.

சித்திரையில் பூமாலை கவனித்தாள், அப்பா கண்ணை மூடுவதே இல்லை. கண் ரெண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றித் தரை பனி பெய்ததுபோல் நனைந்து, துடைக்கத் துடைக்க ஊறியது.

“தூக்கமே வர்லம்மா” என்றார். “கண்ணு எரியிது. ஆனா சிரிப்பு வருது, இன்னா பண்றது?”

அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னாள். “அப்பா, நீ செத்துட்டப்பா.”

அய்யனார் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்பதுபோல் அவளைப் பார்த்தார். “செத்திருந்தா டிவில போட்டிருப்பாங்க இல்ல? உன் வூட்டுக்காரன் சேனலு. எனக்குப் போடாம யாருக்குப் போடப் போறான்?”

அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாக மறந்தார். நிலம் எந்தப் பக்கம் என்பது போயிற்று, பெண்டாட்டி பெயர் போயிற்று. வைகாசியில் மகளின் பெயர் போயிற்று. காமெடியில் வருகிற ஒரு வேலைக்காரியின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். அந்தப் பெயருக்கும் பூமாலை ‘என்னப்பா’ என்று கேட்டுக்கொண்டு போனாள். சமையலறைக்கு வந்து கேஸ் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழ முடியவில்லை. கூடத்தில் ஆள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது யாருக்காக அழுவது?

புருஷனிடம் கேட்டாள். “ஒரே ஒரு நாளு போடுங்க. எங்கப்பா தூங்கணும்.”

“பூமாலை, நெகட்டிவா பேசாத. அவர் சிரிச்சிக்கினுதானே இருக்காரு? ஊருல எந்த மாமனாரு இப்பிடிச் சிரிக்கிறாரு?”

“செத்தவங்க சிரிக்கக் கூடாதுங்க.”

“நிலை மாறியவங்க” என்று தமிழ்வேந்தன் திருத்தினார். ஆடியில் அவருக்கு ‘நேர்மறைச் செம்மல்’ விருது கொடுப்பதாக டாக்டர் சிவசங்கர் சொல்லியிருந்தார். இப்போது போய் ஷெனாய் போட முடியாது. விருதுக்கு, சேனலை எத்தனை வீடு பார்க்கிறது என்று ஒரு கணக்கு மட்டும் தேவைப்பட்டது. கன்ட்ரோல் ரூமைப் பார்த்துக்கொள்ளும் ரவூப் வீடுவீடாகப் போனார். ஷேக் பரீத்தின் தம்பி மகன். இருபது வருஷமாகத் தமிழ்வேந்தனோடு கம்பம் ஏறியவர், வாயும் கம்பத்தளவு நீளம். திரும்பிவந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணே, நம்ம சேனலு எல்லா வூட்லயும் ஓடுது.”

“அப்பிடிச் சொல்லு!”

“பாக்கறவங்க பூரா செத்தவங்க. உயிரோட கீறவன்லாம் உள்ரூம்ல செல்லுல சீரியல் பாத்துக்கினு அழுவுறான். கதவத் தட்டுனா கண்ணத் தொடச்சிக்கினு வந்து, ‘மகிழ் விஷன்தாங்க பாத்துக்கினு இருந்தோம்’ன்றான்.”

முகாமில் கற்றது வீண்போகாமல் தமிழ்வேந்தன், “அவங்க கனெக்சனக் கட் பண்ணவே மாட்டாங்க இல்ல?” என்றார். ரவூப் நேராகப் பூமாலையிடம் போய் இதைச் சொன்னார். இருவரும் வாசலில் நின்று பேசினார்கள். உள்ளே அய்யனார் சிரித்தார், தெருவும் சிரித்தது.

விருது விழா அணைக்கட்டு ரோட்டுக் கல்யாண மண்டபத்தில். மகிழ் விஷனில் நேரடி ஒளிபரப்பு. டாக்டர் சிவசங்கர் இந்த மண்ணில் துயரம் இனி வேர்விடாது என்று ஆரம்பித்து, வேர் பற்றியே வெகுநேரம் பேசினார். சால்வை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், கேடயத்தில் செம்மலுக்கு ஒற்றைக் கொம்பு குறைந்திருந்தது. கடைசியாகச் செம்மலின் வெற்றிக்குப் பின்னால் நிற்கும் இல்லத்தரசி இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்கள். மணி ஏழு.

பூமாலை மைக்கைப் பிடித்தாள். “எங்கப்பா அய்யனார்” என்றாள். “மார்கழி மாசம் செத்துட்டாரு.” ரவூப் ஷெனாயைப் போட்டார். மேடைத் திரையிலும் ஊரிலுள்ள எல்லா டிவியிலும் அய்யனாரின் முகம் வந்தது. யாரோ ஒருவர் தோள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, மாலையும் குத்துவிளக்கும் வைத்து. “மேலத்தெரு செந்தமிழ்ச்செல்வி. அவங்களும் செத்துட்டாங்க” என்றாள். தரகரைச் சொன்னாள், மற்றவர்களைச் சொன்னாள். நிலை மாறியவர்கள் என்று சொல்லவில்லை. முன்வரிசையில் தரகரின் பெண்டாட்டி முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மண்டபத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் தேங்கியிருந்த அழுகை அது; நாற்காலிகளுக்கு அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, உப்புக் கரித்தது. டாக்டர் சிவசங்கர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார்.

வெளியே ரோட்டில் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தையல்காரி டேப்பைக் கழுத்தில் போட்டபடி போனாள். தரகர், மாட்டுச் சந்தையில் விலை பேசுவதுபோல், துண்டுக்குள் விரல் பேசிக்கொண்டு போனார். அய்யனார் மட்டும் மண்டப வாசலில் நின்றார். பூமாலை மேடையிலிருந்து இறங்கித் தண்ணீரை அளைந்துகொண்டு ஓடினாள்.

“பூமாலை” என்றார். பெயர் திரும்ப வந்திருந்தது. “டிவிய நிறுத்திட்டேம்மா. பில்லு ஜாஸ்தி ஆவும் இல்ல? கதவ சும்மாதான் சாத்திக்கினு வந்தேன், நீ போய்த் தாப்பா போட்டுக்கோ.” கொட்டாவி ஒன்று விட்டார். பெரிய கொட்டாவி. பிறகு மலைப் பக்கமாக நடந்தார்.

வீட்டுக்குப் போய் அவள் தாழ்ப்பாள் போட்டாள். டீத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வேண்டிய மட்டும் அழுதாள். கூடத்துத் தரை மறுநாள் காலையில் காய்ந்திருந்தது.

ஏழு மணி அறிவிப்பு மறுபடி வருகிறது. காமெடியும் வருகிறது, அதற்கு முன்னால். ஊரில் யாருக்காவது ரெண்டு நாள் காய்ச்சல் அடித்தால் ஏழு மணிக்கு டிவி போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். தன் படம் வரவில்லையென்றால் எழுந்து மாவு வாங்கப் போகிறார்கள். உப்பு இல்லையென்றால் பூமாலை இல்லை என்கிறாள். மாமனார் போனதைத் தாங்க முடியாமல் தமிழ்வேந்தன் இன்றைக்கும் சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார் என்று ஊர் மரியாதையோடு பேசிக்கொள்கிறது. பூமாலை அதை மறுப்பதில்லை. அழுகைக்கு முன்னால், கதவுக்குப் பின்னாலிருந்து, நாத்தனாருக்குப் பாலில் விஷம் வைக்கும் சீரியலின் டைட்டில் பாட்டு கேட்கும்.