இரும்புப் பொம்மைக்கு ஏற்ற காந்தம்

என் வீட்டுக்காரர் மெத்தோடியின் நெஞ்சில் இடப்பக்கம், தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. அவர் இதயம் தறிகெட்டு ஓடினால் அது ஓங்கி ஓர் உதை விட்டு வழிக்குக் கொண்டுவரும். காந்தம் கிட்டே வந்தால் கருவி தூங்கிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மெத்தோடியோ, "வெளிய மூச்சு விடாத, நோயாளின்னு பரிதாபப்படுவாங்க" என்று என் வாயைக் கட்டிவிட்டார். வீம்பு!

எனக்கு நட்டு, போல்ட்டில் பொம்மை செய்யும் பைத்தியம். மார்ச் ஒன்றாம் தேதி எங்கள் ஊர் பிளவ்டிவில் வசந்தத்தை வரவேற்க ஒருவருக்கொருவர் சிவப்பு வெள்ளை நூல் பொம்மையை இடப்பக்க நெஞ்சில் குத்திவிடுவோம். இந்த வருஷம் அதை இரும்பில் செய்தேன். அந்தக் கனத்தை ஊசி தாங்காது. சட்டைக்கு வெளியே பொம்மை, உள்ளே காந்தம் என்று முடிவு செய்தேன்.

சனிச் சந்தையில் கறுப்புக் காந்தம் வைத்துப் பார்த்தேன், பொம்மை வழுக்கியது. வெள்ளி நிறக் குட்டிக் காந்தமோ என் சாவிக்கொத்தையே கவ்வியது.

"கோட்டுக்கு மேலயும் நிக்கும்மா, கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்றார் கடைக்கார யோர்தான் அண்ணன்.

இருபது வாங்கினேன். வீட்டுப் படி ஏற்றவில்லை. எல்லாவற்றையும் தோழி ஸ்விலேனா வீட்டில் வைத்தே செய்து அங்கேயே விட்டேன். பயந்துவிடுவாரென்று வீட்டுக்காரரிடம் காந்தப் பேச்சே எடுக்கவில்லை. அவருக்கு மட்டும் நூல் பொம்மை செய்து, ஒன்றாம் தேதி காலை நானே குத்தி, பேக்கரியில் சுடச்சுடப் பனிட்சாப் பலகாரம் வாங்க அனுப்பினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்விலேனா போன் செய்தாள். "அடியே, உன் பொம்மைக்கு ஒரே கிராக்கி! பேக்கரி வாசல்ல உன் வீட்டுக்காரருக்கும் மாட்டிவிட்டேன்."

"காந்தம்னு சொன்னியா?"

"எங்க கேட்டாரு? பனிட்சா ஆறிடும்னு ஓடிட்டாரு. ஏண்டி?"

ஜன்னலுக்கு ஓடினேன். மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார். இடப்பக்கம் என் பொம்மை மின்னியது. நான்கு மாடி இறங்கி ஓடினேன்.

"கழட்டுங்க! அதைக் கழட்டுங்க!"

"ஏன்டி இப்படி ஓடி வர்ற? விழுந்து வைக்காத!" என்று சிரித்தபடி, என்னைப் பிடிக்க அவரும் ஓடி வந்தார்.

பாதி வழியில் பனிட்சாப் பொட்டலம் முதலில் விழுந்தது. பிறகு அவர்.

பொம்மையைப் பிடுங்கினேன். இரும்பு மட்டும் கையோடு வந்தது. சட்டைக்குள் கைவிட்டுத் துழாவி, காந்தத்தை எடுத்துத் தெருவில் வீசினேன். நெஞ்சில் கைவைத்து அந்த உதைக்காகக் காத்திருந்தேன்.

தூங்கிய கருவி விழிக்க எவ்வளவு நேரம் ஆகுமென்று, பாவி, நான் டாக்டரிடம் கேட்டதே இல்லை.