நான்காவது குழாய்

ஒவ்வொரு குழாய்க்கும் கருவி நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. செங்கொடி அதன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று திரையில் வரும் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைத் தொழிலாளர்கள் முப்பது பேரின் ரத்தச் சோதனை காலையிலேயே முடிந்துவிட்டது. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய சமாச்சாரம். ஒருவருக்குக்கூட முப்பதுக்குக் கீழே இல்லை.

மிச்சம் நான்கு குழாய்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும். அதற்கு வெளியே ஆள் தேடி அலைவானேன் என்று ஆய்வு மாணவர்களே கையை நீட்டிவிடுவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். முதல் மூன்று பேருக்கு இரண்டு, மூன்று, இரண்டு என்று வந்தது. நான்காவது செங்கொடியுடையது.

முப்பத்தொன்று.

கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினாள். முப்பத்தொன்று.

"குழாய் மாறிப்போச்சாடி?" என்றாள் கூட ஆய்வு செய்யும் அனிஷா.

"இல்ல. என்னுதுதான்."

பேராசிரியர் வந்து நோட்டைப் பார்த்தார். ஆய்வகத்தின் இணையப் பக்கத்துக்காக மாணவர்கள் எழுதிக் கொடுத்திருந்த அறிமுகங்களைக் கணினியில் திறந்தார். தாத்தாவுக்கு வந்த புற்றுநோய்தான் தன்னை இங்கே கொண்டுவந்தது என்று அனிஷா ஒரு பத்தி எழுதியிருந்தாள். செங்கொடி எழுதியது இரண்டே வரி. 'எர்ணாவூரில் பிறந்து வளர்ந்தேன். வீட்டுக்குப் பின்னாலேயே ஈயப் பட்டறை இருப்பதால் இந்த ஆய்வில் ஆர்வம்.'

"இத முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. ஆரோக்கியமானவங்க பட்டியல்ல நீ எப்படி வருவ? எடுத்துடு."

"அப்போ தொழிலாளர் பட்டியல்ல போட்டுடவா சார்?"

"நீ பட்டறையில வேலை செய்யலையே. எதுலயும் வேணாம். நீ ஒரு நல்ல டாக்டரப் பாரு."

"வீட்ல அக்கா பொண்ணு இருக்கா சார். ரெண்டு வயசு. அவளுக்கு மட்டும் ஒரு தடவ..."

"குழந்தைங்க ரத்தம் எடுக்க நமக்கு அனுமதி இல்லம்மா."

அவர் போனதும் நோட்டில் தன் வரியை அடித்தாள். குழாயைக் கழிவுப் பைக்குள் போட்டாள். போட்ட பிறகும் பயம் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது பட்டறைப் புகை சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. அம்மா ராஜாத்தி, காய்ந்த துணிகளை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி பேயறஞ்சாப்ல கீது?"

"யம்மா, வேற எங்கனா போயிடலாம்மா. இந்தப் புகை ரத்தத்துல எறங்கிக்கினு கீது."

"நமக்குன்னு கீறது இந்த ஒரு வூடு. எங்க போவ சொல்ற?"

சன்னல் விளிம்பில் சாம்பல் படிந்திருந்தது. அக்கா மகள் மகிழினி அதில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தியைப் பார்த்ததும் சிரித்தாள். செங்கொடி பையை வீசிவிட்டு ஓடினாள். அதற்குள் விரல் வாய்க்குள் போய்விட்டது.